எந்த வயது வரை வளர்ச்சி? – கரிசல் நிலத்துச் சான்றுகள்

 

கழுகுமலைக்கு யாத்திரை செல்லும் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் கோவில்பட்டியில் இறங்கி மேற்கே திரும்பிவிடுகின்றன. மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் அதே நெடுஞ்சாலையில் இன்னும் சிறிது தெற்கே சென்றால் கயத்தாறு வரும். 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பெற்ற ஊர் அது. இன்று அவ்வழியே செல்வோர் கண்ணில் முதலில் படுவன கரிசல் காட்டின்மீது சுழன்றுகொண்டிருக்கும் காற்றாலைகள். தூக்குமேடையும் காற்றாலையும் ஒருபுறம் இருக்க, கோவில்பட்டிக்கும் கயத்தாற்றுக்கும் இடையே அச்சாலையில் அமைந்துள்ள இடைசெவல் என்னும் சிற்றூரிலிருந்து இவ்வுரை தொடங்குகின்றது.

1923 செப்டம்பர் 16ஆம் நாள் அவ்வூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 23ஆம் நாள், மற்றோர் ஆண் குழந்தை பிறந்தது. முன்னவர் கி. ராஜநாராயணன், பின்னவர் கு. அழகிரிசாமி. ஒரே மண், ஒரே பஞ்சம், ஒரே விளையாட்டு, பின்னாளில் ஒரே இசைப்பித்து, ஒரே எழுத்துத்தொழில். ஆயினும் அழகிரிசாமி 1970இல் தம் நாற்பத்தாறாம் வயதில் மறைந்தார். கி.ரா. 2021இல் தொண்ணூற்றேழு வயது நிரம்பி மறைந்தார்.

மனித வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலின் வரலாற்றிலும் இத்தகைய இரட்டையர் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டின் ழான் பியாஜே, அன்றைய உருசியப் பேரரசில் பிறந்த லேவ் வைகாட்ஸ்கி ஆகிய இருவரும் 1896ஆம் ஆண்டினர். வைகாட்ஸ்கி காசநோயால் முப்பத்தேழு வயதில் மறைய, பியாஜே எண்பத்து நான்கு வயது வரை வாழ்ந்தார். குழந்தையின் அறிவு எவ்வாறு வளர்கின்றது என்று கேட்டால் இன்றும் இவ்விருவர் பெயரையே அறிஞர் முதலில் கூறுவர். குழந்தை தானே முயன்று உலகை அறிகின்றது என்பதைப் பியாஜே வலியுறுத்தினார். உடனிருக்கும் மூத்தோர் துணையால்தான் அது அறிகின்றது என்பதை வைகாட்ஸ்கி வலியுறுத்தினார். இரண்டும் உண்மையே. எனினும் நம் இல்லங்கள் இன்று மறந்துவருவது இரண்டாவதை. ஆதலால் இவ்வுரை அதன் பக்கமே சற்றுச் சாய்ந்து செல்லும்.

வாழ்நாளைப் பருவங்களாகப் பகுத்துக் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கணம் வகுத்தோர் எத்துணை நுட்பமாகக் குழந்தையை நோக்கியிருக்கின்றனர் என்பது வியப்பிற்குரியது. ஐந்தாம் மாத அளவில் ஒரு காலை மடக்கி, இரு கைகளை ஊன்றித் தலையசைத்தாடும் செங்கீரை. ஒன்பதாம் மாத அளவில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி. ஓராண்டு நிறையும்போது தளர்நடையிட்டு வரும் வருகை. அதன் பின்னரே வானத்து நிலவைச் சுட்டி விளையாட அழைக்கும் அம்புலி. இவை கற்பனைப் பாகுபாடுகள் அல்ல. கழுத்து, கை, இடுப்பு, கால் என்று மேலிருந்து கீழாக உடலியக்கம் கட்டுப்பாட்டிற்குள் வருவதை இன்றைய குழந்தை மருத்துவர் எழுதிவைக்கும் அட்டவணையும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் அமைந்துள்ளது.

மற்றொரு பாகுபாடு பெண்ணின் ஏழு பருவம்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூலார் வகுத்த இவ்வரிசை நாற்பது வயதோடு முடிந்துவிடுகின்றது. நாற்பதுக்குப் பின் பெண்ணுக்குப் பெயர் இல்லை! உலாப் பாடுவோர்க்கு அதற்குமேல் தேவைப்படவில்லை போலும். நம் முன்னோரை மட்டும் இதற்காகக் குறைகூற இயலாது. மேலைநாட்டு உளவியலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரை குழந்தைமையிலும் குமரப் பருவத்திலுமே பெரும்பாலும் கருத்தைச் செலுத்திற்று. வளர்ந்தவர் வளர்ந்து முடிந்தவர், முதியவர் தேயத் தொடங்கியவர் என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. 1950இல் வெளிவந்த எரிக் எரிக்சன் அவர்களின் ‘குழந்தைமையும் சமுதாயமும்’ என்னும் நூல், பிறப்பு முதல் முதுமை வரை எட்டுக் கட்டங்களை வகுத்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் உரிய ஓர் உள்ளப் போராட்டம் உண்டு என்று காட்டியபோதுதான் பேரிளம்பெண்ணுக்குப் பிறகும் வாழ்க்கை இருக்கின்றது என்பது அத்துறையில் உறுதிப்பட்டது.

முதற் கட்டம் நம்பிக்கை. அழுதால் ஒரு கை வரும் என்று குழந்தை தன் உடலால் கற்றுக்கொள்ளும் காலம் அது. ஆங்கிலேய மருத்துவர் ஜான் பௌல்பியும் அவரோடு பணிபுரிந்த மேரி எயின்ஸ்வொர்த்தும் இதனை ஆழ்ந்து ஆராய்ந்தனர். தாயைப் பிரியும்போது குழந்தை அழுகின்றதா என்பதைவிட, தாய் திரும்பி வரும்போது அக்குழந்தை என்ன செய்கின்றது என்பதே முதன்மையானது என்று எயின்ஸ்வொர்த் கண்டார். ஓடிவந்து அணைத்து, சிறிது நேரத்தில் ஆறுதலடைந்து, மீண்டும் விளையாட இறங்கும் குழந்தை திடமாக வேரூன்றிய குழந்தை. தாய் வந்ததையே காணாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையிடம்தான் கவனம் தேவை. ‘சமர்த்து, அழவே அழாது’ என்று நாம் பாராட்டும் குழந்தைகளுள் சில இவ்வகையினவாக இருக்கலாம்.

இப்பிணைப்பைப் பற்று என்றே தமிழ்ப் பாடநூல்கள் சில மொழிபெயர்க்கின்றன. பற்றறுத்தலைக் கேட்டு வளர்ந்த சமணச் செவிக்கு இச்சொல் சற்று நெருடும். நெருட வேண்டியதில்லை. கையில் ஒருபோதும் கிடைத்திராத ஒன்றைத் துறப்பது துறவு ஆகாது. மேலும் இப்பிணைப்பு குருதியால் மட்டும் வருவதன்று. நாள்தோறும் தூக்கும் கையால் வருவது. திருத்தக்கதேவர் படைத்த சீவகன் சுடுகாட்டில் பிறந்து, பெற்ற தாய் விசயையைப் பிரிந்து, கந்துக்கடன் என்னும் வணிகனின் மனையில் சுநந்தையின் மடியில் வளர்ந்தவன். அவன் வாழ்வின் பிற்பகுதி முழுதும் அம்மடியின் உறுதியிலிருந்தே எழுகின்றது என்று சிந்தாமணியைப் படிப்பது தவறாகாது.

இரண்டு வயதிற்கும் ஏழு வயதிற்கும் இடைப்பட்ட பருவத்தைப் பற்றிப் பியாஜே எழுதியவை மிகப் பல. ஒரு பொருள் மற்றொரு பொருளாக நிற்க முடியும் என்பதைக் குழந்தை அறியும் காலம் அது. குச்சி குதிரையாகும், மண் சோறாகும். இதற்கு உரிய எடுத்துக்காட்டை ஜெனீவாவில் தேட வேண்டியதில்லை. கி.ரா. எழுதிய ‘கதவு’ என்னும் சிறுகதையில் வறிய வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கதவின்மீது ஏறிநின்று, அதனை முன்னும் பின்னும் ஆட்டிப் பேருந்து ஓட்டுகின்றனர். சீட்டுக் கொடுப்போர், ஏறுவோர், இறங்குவோர் எல்லாம் அங்கே உண்டு. தெருவில் கிடைத்த தீப்பெட்டிப் படம் ஒன்று அக்கதவில் ஒட்டப்படுகின்றது. தீர்வை பாக்கிக்காக அக்கதவைப் பெயர்த்துக்கொண்டு போகின்றபோது பெரியவர்க்கு இழப்பு ஒரு மரப்பலகை. பிள்ளைகட்கோ ஒரு பேருந்து, ஒரு நண்பன், ஓர் உலகம். பிறகு பாழடைந்த இடத்தில் அக்கதவைக் காணும் பிள்ளைகள் அதனைக் கட்டிக்கொள்வதில் கதை முடிகின்றது. விளையாட்டில் குழந்தை தன் உயரத்தைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கின்றது என்ற கருத்தை வைகாட்ஸ்கி கூறியுள்ளார். அதன் பொருள் இக்கதையைப் படித்தபின் எளிதில் விளங்கும். பிள்ளை விளையாடுவதைப் பொழுதுபோக்கு என்று எண்ணி, மூன்று வயதிலேயே எழுதுபலகையோடு அமர்த்திவைக்கும் பெற்றோர் அக்கதவைப் பெயர்த்துச் சென்றவர்க்குச் சற்றே உறவினர்.

இனி வருவது பள்ளிப் பருவம். இங்கே சற்று நின்று செல்ல வேண்டும். கரிசல் நிலத்தின் பெருங்காயம் இங்கேதான் உள்ளது.

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான இப்பருவத்தில் குட்டையான டம்ளரிலிருந்து நெட்டையான டம்ளருக்கு ஊற்றிய தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதைக் குழந்தை அறிவால் காணத் தொடங்குகின்றது. அதாவது கண் காட்டுவதைக் கருத்து திருத்தும் ஆற்றல் பிறக்கின்றது. எரிக்சன் இப்பருவத்தின் உயிர்ப்பைச் செயலூக்கம் என்றார். ‘என்னால் ஒன்றைச் செய்து முடிக்க முடியும், அதனைப் பிறர் மதிப்பர்’ என்னும் உணர்வே அது. அது கிட்டாவிடில் தாழ்வுணர்ச்சி அவ்விடத்தில் குடியேறும். பிறருடன் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் இப்பருவத்தில்தான் கூர்மை பெறுகின்றது.

இவ்வொப்பீட்டின் வலியைத் தமிழில் அழகிரிசாமியைப் போல் எழுதியவர் அரியர். ‘அன்பளிப்பு’ கதையில் ஒருவர் தமக்கு வேண்டிய அண்டைவீட்டுப் பிள்ளைகள் சிலர்க்கு நாட்குறிப்பேடு கொண்டுவந்து தருகின்றார். சாரங்கன் என்னும் சிறுவனுக்கு மட்டும் இல்லை. அவன் அழவில்லை, பிடிவாதம் செய்யவில்லை. ஒருநாள் அவரைத் தன் வீட்டிற்கு அழைத்து உபசரித்து, பிறகு தானே ஒரு நாட்குறிப்பேட்டை எடுத்து நீட்டி, அதில் தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தருமாறு கேட்கின்றான். அவனுக்கு வேண்டியது ஏடு அன்று. ‘நீயும் என் கணக்கில் இருக்கின்றாய்’ என்னும் ஒப்புதல். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் செல்வர் வீட்டுச் சிறுவன் தங்கள் வீட்டிற்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேச, தன் தாய் நீராட்டித் துணி கொடுத்த ஆதரவற்ற சிறுவனின் பெயர் ராஜா என்பதால், எங்கள் வீட்டிற்கும் ராஜா வந்திருக்கின்றார் என்கின்றாள் ஏழைச் சிறுமி. தாழ்வுணர்ச்சி நுழைய வேண்டிய இடத்தில் ஒரு தாயின் செயல் முன்பே நுழைந்து நிற்கின்றது. ‘அன்பளிப்பு’ தொகுப்பிற்கு 1970ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசு அழகிரிசாமி மறைந்த பின்னரே வந்து சேர்ந்தது.

இத்தகைய நுண்ணிய கண்கள் இருந்த அதே வட்டாரத்தில், அடுத்த தலைமுறையில், செயலூக்கப் பருவம் முழுவதையும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசில் கழித்தனர். மானாவாரி நிலம், மழை பொய்த்தால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவிய கைத்தொழில் தீப்பெட்டி ஆலைகள் அந்த வறட்சியில் கூலி தந்தன. விடியற்காலை இருட்டில் ஊர் ஊராக வந்து பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் ஆலை வண்டிகளை 1980களில் அப்பகுதியினர் அனைவரும் அறிவர். சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் அவர்கள் பணி. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. அவர்களுள் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். மூத்தவள் ஆலைக்குப் போனால் தம்பி பள்ளிக்குப் போவான் என்பது பல வீடுகளின் கணக்கு.

‘வேலை செய்து பழகினால் பிள்ளைக்கு நல்லதுதானே? செயலூக்கம் என்பதும் அதுதானே?’ என்று அந்நாளில் கேட்டோர் உண்டு. இன்றும் சிலர் கேட்கின்றனர். இங்கேதான் உளவியல் அறிவு பயன்படுகின்றது. தந்தையுடன் ஏர் பிடிக்கப் பழகும் சிறுவன் இன்று இது தெரிந்தது, நாளை அது தெரியும் என்று படிப்படியாக ஏறுகின்றான். அருகில் கற்பிக்கும் ஒருவர் இருக்கின்றார். முதல் நாள் குச்சி அடுக்கிய சிறுமி ஆயிரமாவது நாளும் அதே குச்சியை அதே சட்டத்தில் அடுக்குகின்றாள். கூடியது வேகம் மட்டுமே. அறிவு ஏறுவதற்குப் படி இல்லை. பிள்ளை உழைத்தது என்பதில் ஐயமில்லை, வளர்ந்தது என்று சொல்ல வழியில்லை. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படமும், கோவில்பட்டி வட்டாரத்து எழுத்தாளர் பூமணி இயக்கிய ‘கருவேலம் பூக்கள்’ திரைப்படமும் அக்காலத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன.

சட்டம் தாமதமாகவே வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பெற்றது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடர்மிகு தொழிலில் அமர்த்தப்பெற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பின் ஒரு கூறு. 2010 ஏப்ரல் முதல் நாள் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016இல் செய்யப்பெற்ற திருத்தம் பதினான்கு வயதிற்குட்பட்டோரைத் தொழிலில் அமர்த்துவதையே பொதுவாகத் தடை செய்தது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்னும் விலக்கு நிற்கின்றது. சத்துணவும், பள்ளிகளின் பெருக்கமும், இயந்திரங்களின் வரவும் சேர்ந்து பழைய நிலையை வெகுவாக மாற்றிவிட்டன. ஆனால் அன்று அடுக்கிய கைகள் இன்று பேரக்குழந்தைகளைத் தூக்கும் கைகள். பள்ளிக் கட்டுரையைப் படித்துக்காட்டு என்று பேத்தியிடம் கேட்கத் தயங்கும் பாட்டிமார் கரிசல் ஊர்களில் உண்டு. தாழ்வுணர்ச்சி ஐம்பது ஆண்டு கழித்தும் அங்கே அமர்ந்திருக்கின்றது. அவர்களை எழுத்தறியாதவர் என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவது நன்றன்று.

குமரப் பருவத்திற்கு எரிக்சன் வழங்கிய சொல் அடையாளம். ‘நான் யார்?’ என்னும் கேள்வி கண்ணாடியின் முன்னும் கூட்டத்தின் நடுவிலும் எழும் காலம். எரிக்சன் தாமே பெற்ற தந்தையை அறியாதவர். மாற்றுத் தந்தையின் குடும்பப் பெயரோடு வளர்ந்து, பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற காலத்தில் எரிக்சன் என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டவர். இப்பருவத்தில் சிறிது காலம் முடிவெடுக்காமல் பல வேடங்களைப் புனைந்து பார்க்க இளையோர்க்கு இடம் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவ்விடம் கிடைத்த ஒருவர் கரிசல் சீமையில் உண்டு. எட்டயபுரத்துச் சுப்பிரமணியன் ஐந்து வயதில் தாயை இழந்தவர். பிற சிறுவரோடு ஆட இயலாத தனிமையைப் பின்னாளில் ‘கனவு’ என்னும் தன்வரலாற்றுப் பாடலில் பதிவு செய்தவர். பதினொரு வயதில் பாரதி என்னும் பட்டம், பதினான்கு வயதில் திருமணம், 1898இல் தந்தையின் மறைவு. பட்டமும் பொறுப்பும் வந்துவிட்டன. தான் யார் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதற்குப் பின் அத்தையின் ஆதரவில் காசியில் கழிந்த நான்கு ஆண்டுகளில்தான் மீசையும் தலைப்பாகையும் புதிய எண்ணங்களும் அவரிடம் வந்து அமைந்தன. 1902இல் எட்டயபுரம் திரும்பியவர் புறப்பட்டுச் சென்ற இளைஞர் அல்லர். பதினேழு வயதுப் பிள்ளை முடியை ஒருவிதமாக வெட்டிக்கொண்டு வந்தால் வீட்டில் எழும் புயலைக் காணும்போதெல்லாம் அக்காசிக் குடுமிக் கதை நினைவுக்கு வரத்தக்கது.

இளமையின் இணைவாழ்வைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நிலையாமையை நாலடியாரில் முதலில் கற்றவர்க்கு அது தெரியும். நடுவயதிற்குச் செல்வோம். 1962இல் எரிக்சன் மனித வாழ்க்கை வட்டம் பற்றிய கருத்தரங்கு ஒன்றை நடத்த அகமதாபாத்திற்கு வந்தார். அங்கே ஆலை அதிபர் அம்பாலால் சாராபாயின் குடும்பத்தோடு, அதாவது ஒரு சமணக் குடும்பத்தோடு, அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. 1918இல் அந்நகர ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஒருபுறம் அம்பாலால், எதிர்ப்புறம் தொழிலாளர் பக்கம் அவருடைய உடன்பிறந்த அனசூயா, நடுவே காந்தியடிகள். காந்தியடிகளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் எதற்காகப் புதிதாக வளர்கின்றார் என்னும் வினாவே எரிக்சனின் ‘காந்தியின் உண்மை’ என்னும் 1969ஆம் ஆண்டு நூலின் கரு. அடுத்த தலைமுறையைப் பேணுதல் என்பதே நடுவயதின் பணி என்பது அவர் முடிபு. அப்பணி நிகழாவிடில் வாழ்க்கை தேங்கும். பெற்ற பிள்ளையைப் பேணுவது மட்டும் அன்று அது. ஒரு தொழிலை, ஓர் ஊரை, ஒரு மாணவனைப் பேணுவதும் அதுவே. மக்கட்பேறு இல்லாதோரைக் குறைவாக நோக்கும் நம் வழக்கம் இங்கே தலைகுனிய வேண்டும்.

முதுமை தேய்வு மட்டுமே என்னும் எண்ணத்தை உடைத்தவர்களுள் ஜெர்மானிய அறிஞர் பால் பால்டெஸ் குறிப்பிடத்தக்கவர். எந்த வயதிலும் வளர்ச்சி என்பது பெறுவதும் இழப்பதும் கலந்தது என்றார் அவர். குழந்தை ஒரு மொழியைப் பெறும்போது பிற மொழி ஒலிகளைப் பிரித்தறியும் கூர்மையை இழக்கின்றது; முதியவர் வேகத்தை இழந்தாலும் சொல்வளத்தையும் பட்டறிவையும் நெடுங்காலம் தக்கவைத்துக்கொள்கின்றார். பால்டெஸ் எடுத்துக்காட்டியவர் பியானோ இசைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதில் அவர் குறைந்த பாடல்களையே வாசித்தார். அவற்றை மிகுதியாகப் பயின்றார். விரைவாக வாசிக்க வேண்டிய இடத்திற்குச் சற்று முன் வேண்டுமென்றே மெதுவாக வாசித்து, விரைவு மிகுந்ததுபோல் தோன்றச் செய்தார். தெரிந்தெடுத்தல், கூர்மையாக்கல், ஈடுசெய்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். வெற்றிலை இடிக்கும் சிற்றுரலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளும் பாட்டியும் ஈடுசெய்தலை அறிந்தவளே.

நாம் தொடங்கிய இடைசெவலுக்கே மீண்டும் வருவோம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட கி.ரா., காசநோயோடு போராடி, உழவராகவும் உழவர் இயக்கத்தவராகவும் இருந்து, முப்பத்தைந்து வயதளவில்தான் சிறுகதை உலகில் அறிமுகமானார். ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வெளிவந்தபோது அவருக்கு ஐம்பது கடந்துவிட்டது. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டபோது அறுபதை எட்டிக்கொண்டிருந்தார். அதன் பின்னரே புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் பொறுப்பில் அமர்த்திற்று. ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு. அரசு அலுவலர் ஓய்வு பெறும் வயதில் அவர் பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்தார். வேகம் குறையும் அறிவு, சேர்ந்து திரளும் அறிவு என்று உளவியலார் பிரித்துக் கூறுவதில் இரண்டாவது எத்தகையது என்பதற்கு அவ்வகராதி சான்று. பாட்டிமாரும் மேய்ப்பரும் உழவரும் வாயில் வைத்திருந்த சொற்கள் அவை. கேட்க ஒருவர் வந்ததால் ஏட்டில் ஏறின.

கேட்க ஒருவர் என்பதே இங்கு உயிர்நாடி. முதுமைக்கு எரிக்சன் வைத்த பணி, வாழ்ந்த வாழ்வை ஒருமுறை முழுமையாக ஏற்றுக்கொள்ளுதல். ஏற்க இயலாவிடில் எஞ்சுவது கசப்பு. ஆனால் அதனைத் தனியே அமர்ந்து செய்துவிட இயலாது. சொல்லிப் பார்த்துத்தான் வாழ்வை ஏற்க முடிகின்றது. கணவருக்குப் பின் தொண்ணூறு வயது கடந்து வாழ்ந்த ஜோன் எரிக்சன் எட்டுக் கட்டங்களோடு ஒன்பதாவது ஒன்றையும் சேர்த்தார். மிக முதிர்ந்த வயதில் உடல் தளரும்போது முதற் கட்டத்து வினாவே, ‘அழைத்தால் ஒரு கை வருமா?’ என்னும் அதே வினாவே, திரும்பி வருகின்றது என்பது அவர் கண்டது. பிள்ளைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, கயத்தாற்றுப் பக்கத்து ஊர்களிலும், வந்தவாசிப் பக்கத்து நம் ஊர்களிலும், பூட்டாத வீட்டின் திண்ணையில் ஒருவர் அல்லது இருவராக அமர்ந்திருப்போர் அவ்வினாவை வாய்விட்டுக் கேட்பதில்லை. ‘சாப்பிட்டாயா?’ என்று அலைபேசியில் அவர்கள் கேட்பதன் உள்ளே அது இருக்கின்றது.

வைகாட்ஸ்கியின் கருத்து ஒன்று எஞ்சியுள்ளது. ஒரு குழந்தை தனியாகச் செய்ய வல்லதற்கும், மூத்தவர் ஒருவர் அருகிருந்து துணைசெய்தால் செய்ய வல்லதற்கும் இடையே ஒரு வெளி உண்டு. கற்பித்தல் நிகழ வேண்டிய இடம் அவ்வெளியே என்றார். அறிந்ததையே மீண்டும் சொல்வதும், எட்டாததைத் திணிப்பதும் அவ்வெளிக்குப் புறம்பானவை. பேரன் கணக்கில் தடுமாறுமிடம் எது என்பதைத் தனிப்பயிற்சி ஆசிரியர் நாற்பது பிள்ளைகட்கு நடுவில் காணுதல் அரிது. அருகில் அமர்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அது தெரிந்துவிடும். அவர்க்குக் கணக்கே தெரியாவிடினும், பிள்ளையின் முகத்தில் அது தெரியும்.

சிந்தாமணியில் இதற்கு ஈடான ஒரு காட்சி உண்டு. அரசு துறந்து வந்த அச்சணந்தி யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோயால் வருந்தியவர். எதை உண்டும் தீராத அந்நோய் சிறுவன் சீவகன் தன் கையால் தந்த கவளத்தால் தீர்ந்தது. அதன் பின்னரே அவர் அவனுக்கு ஆசிரியராக அமர்ந்து கலை அனைத்தையும் பயிற்றினார். முதலில் கொடுத்தது குழந்தை என்பதைத் திருத்தக்கதேவர் எத்துணைக் கருத்தோடு அமைத்தார் என்பது எண்ணத்தக்கது.

கோவில்பட்டியிலிருந்து மேற்கே கழுகுமலைக்குச் செல்வோர் இம்முறை அங்குள்ள வட்டெழுத்துகளையும் சற்று நின்று பார்க்கலாம். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலம் தொட்டுப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ், அவற்றைச் செய்வித்தோர் பெயர்கள் சிற்றெழுத்தில் உள்ளன. குரவர் பெயரோடு மாணாக்கர் பெயர் வருகின்றது. திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்று கற்பித்த பெண்களின் பெயரும் அங்கு உண்டு. அவர்கள் வயது அப்பாறையில் எழுதப்பெறவில்லை; யார் யாரிடம் கற்றார் என்பது மட்டும் எழுதப்பெற்றிருக்கின்றது.